திரையில் தொலைந்த வள்ளி... மேடையில் விடிய விடிய வாழும் வள்ளி!

1921-ல் பேசாத படமாக வந்த 'வள்ளி திருமணம்' இன்று ஒரு அடிகூட மிச்சமில்லை. ஒவ்வொரு விடியலிலும் கலைந்துபோகும் அதே பெயர் நாடகமோ, போடி மலையடிவாரத்தில் இன்னும் நடக்கிறது. எப்படி?

போடிநாயக்கனூரைச் சுற்றியுள்ள கிராமங்களில் கோயில் திருவிழா என்றால் கரகாட்டம் உண்டு, பாட்டுக்கச்சேரி உண்டு. ஆனாலும் கமிட்டிக்காரர்கள் நோட்டீஸில் ஒரு வரியை மட்டும் பெரிய எழுத்தில் போடுவார்கள்: 'இரவு 10 மணிக்கு வள்ளி திருமணம் நாடகம்'.

சாப்பாட்டை முடித்த கையோடு பாயும் போர்வையுமாகப் பெண்கள் வந்து முன்வரிசையில் இடம்பிடிப்பார்கள். பலரும் ஏலத்தோட்ட வேலைக்குப் போகிறவர்கள். காலையில் ஜீப் ஏறி, முந்தல் வழியாக 17 கொண்டை ஊசி வளைவுகளைக் கடந்து, போடிமெட்டுக்கு மேலே காயெடுக்கப் போக வேண்டும். ஆனாலும் தூங்க மாட்டார்கள். முதலில் பபூன் வந்து சிரிக்க வைப்பார். பிறகு டான்ஸ். நள்ளிரவு தாண்டிய பிறகுதான் வள்ளி வருவாள். தினைப்புனத்தில் பரண் மீது நின்று அவள் குருவி விரட்டத் தொடங்கும்போது, மேடைக்குப் பின்னால் நிஜமான மலை இருட்டில் நின்றுகொண்டிருக்கும்.

வேடனாக வந்து, வேங்கை மரமாக நின்று, கிழவனாகி வம்பிழுத்து, கடைசியில் முருகன் வள்ளியைக் கைப்பிடிக்கும்போது கிழக்கு வெளுத்திருக்கும். ஆர்மோனியப் பெட்டியை மூடுவார்கள். ராஜபார்ட் கிரீடத்தைக் கழற்றுவார். பாயைச் சுருட்டிக்கொண்டு பெண்கள் எழுவார்கள். சற்று நேரத்தில் தோட்டத்து ஜீப்பின் ஹாரன் கேட்கும். இரவெல்லாம் நடந்த நாடகம் அவ்வளவுதான், காற்றோடு போய்விட்டது.

100 ஆண்டுகளுக்கு முன்பு, இப்படிக் காற்றோடு போகாமல் இந்தக் கதையை அழியாததாக்க ஒரு முயற்சி நடந்தது. வள்ளியைப் படச்சுருளில் பிடித்துவைத்தார்கள். இன்று பார்த்தால், அந்தச் சுருள்தான் காணாமல்போயிருக்கிறது.

வெள்ளைக்காரர் எடுத்த வள்ளி

1921-ம் ஆண்டு. தமிழ்நாட்டில் சினிமா இன்னும் பேசத் தொடங்காத காலம். சென்னையில் விட்டேக்கர் என்ற வெள்ளைக்காரர் 'வள்ளி திருமண'த்தை மௌனப் படமாக எடுத்தார். தென்னிந்தியாவில் எடுக்கப்பட்ட தொடக்ககாலக் கதைப்படங்களில் ஒன்றாக சினிமா வரலாற்றில் அது இடம்பெற்றிருக்கிறது.

ஒரு வெள்ளைக்காரர் ஏன் வள்ளியைத் தேர்ந்தெடுக்க வேண்டும்? அன்றைய சினிமாவின் நிலைமையை யோசித்தால் பதில் எளிது. படத்தில் வசனம் கிடையாது, பாட்டு கிடையாது. காட்சிகளுக்கு நடுவே எழுத்து அட்டைகள் வரும். ஆனால், கொட்டகைக்கு வந்தவர்களில் பெரும்பாலானோருக்கு எழுதப் படிக்கத் தெரியாது. எனவே, பார்த்ததுமே ஊருக்கெல்லாம் புரியக்கூடிய கதை வேண்டும். பரண் மீது கவணோடு ஒரு பெண்; எதிரே வேலோடு ஒருவன். அடுத்து என்ன நடக்கும் என்று தமிழ்நாட்டில் குழந்தைக்கும் தெரியும்.

அந்த அளவுக்கு அதை ஊரறியச் செய்தது நாடக மேடை. அன்றைக்கு 'வள்ளி திருமணம்' நடக்காத திருவிழா அரிது. பெரிய நடிகர்கள் எல்லோருமே ஏதாவது ஒரு கட்டத்தில் வேலனாகவோ, வள்ளியாகவோ, நாரதராகவோ வேஷம் கட்டியவர்கள்தான். சினிமா தனக்கென்று ரசிகர்களைத் தேடி அலைய வேண்டியிருக்கவில்லை. மேடைக்கு முன்னால் ஏற்கெனவே உட்கார்ந்திருந்தவர்களைக் கொட்டகைக்குள் அழைத்தால் போதும் என்ற நிலை.

சுவாமிகள் கட்டிக்கொடுத்த இரவு

இன்று போடி பக்கம் நடக்கும் 'வள்ளி திருமண'த்துக்கும் சரி, மதுரை, திண்டுக்கல், புதுக்கோட்டைப் பக்கம் நடப்பதற்கும் சரி, அடிப்படை ஒருவர் எழுதிய பிரதி. அவர் சங்கரதாஸ் சுவாமிகள். 1867-ல் தூத்துக்குடிப் பகுதியில் பிறந்தவர். அறுபதுக்கும் மேற்பட்ட நாடகங்களை எழுதியவர். 1918-ல் மதுரையில் 'தத்துவ மீனலோசனி வித்வ பால சபா' என்ற சிறுவர் நாடகக் குழுவைத் தொடங்கினார். பிற்காலத்தில் டி.கே.எஸ். சகோதரர்கள் என்று புகழ்பெற்றவர்கள் சிறு பிள்ளைகளாகச் சேர்ந்தது அந்தக் குழுவில்தான். அவர்களில் ஒருவரான அவ்வை டி.கே.சண்முகம் எழுதிய 'எனது நாடக வாழ்க்கை' நூல், சுவாமிகளை நமக்கு நெருக்கமாகக் காட்டும் முக்கியமான பதிவு.

சுவாமிகளின் 'வள்ளி திருமணம்' முழுக்கப் பாட்டாலும் தர்க்கத்தாலும் ஆனது. வள்ளியும் நாரதரும் வாதம் செய்வார்கள். வள்ளியும் வேடனும் கேள்விக்குக் கேள்வி, பதிலுக்குப் பதில் என்று மணிக்கணக்கில் மோதுவார்கள். எழுதிவைத்த பாட்டுக்கும் வசனத்துக்கும் நடுவில் நடிகர்கள் தங்கள் சரக்கையும் சேர்த்துக்கொள்ள இடம் உண்டு. ரசிகர்கள் காத்திருப்பதும் அந்த இடத்துக்காகத்தான். வேலன் கேட்கும் கேள்விக்கு வள்ளி திணறினால் கூட்டம் 'அடடா' என்று ஆர்ப்பரிக்கும், மடக்கினால் கைதட்டும்.

விட்டேக்கரின் படம் வந்தபோது சுவாமிகள் உயிரோடு இருந்தார். அடுத்த ஆண்டே, 1922 நவம்பர் 13-ல், புதுச்சேரியில் காலமானார். பாட்டும் பேச்சும்தான் வள்ளி என்று வாழ்ந்த மேடை ஒருபுறம். பாட்டும் இல்லாத, பேச்சும் இல்லாத வள்ளி திரையில் மறுபுறம். இரண்டும் ஒரே காலத்தில் ஒரே ரசிகர்களுக்காகப் போட்டிபோட்டன.

35 நாள், 6,000 அடி

அந்தக் காலத்தில் ஒரு மௌனப் படம் எப்படி உருவானது என்பதை அறிய, நான்கைந்து ஆண்டுகள் முன்னால் போக வேண்டும். தமிழகத்தின் முதல் கதைப்படமான 'கீசக வத'த்தின் கதை விவரமாகவே பதிவாகியிருக்கிறது. எடுத்தவர் வேலூரைச் சேர்ந்த ஆர்.நடராஜ முதலியார். கார்களும் உதிரிபாகங்களும் விற்ற வியாபாரி. புனேயில் ஸ்டூவர்ட் ஸ்மித் என்ற ஒளிப்பதிவாளரிடம் கேமராவை இயக்கக் கற்றுக்கொண்டு வந்தவர்.

அவருக்கும் வழிகாட்டியது நாடக மேடைதான். என்ன கதை எடுக்கலாம் என்று நண்பரான பம்மல் சம்பந்த முதலியாரிடம் கேட்டார். தமிழ் நாடகத்தின் பெரும் ஆளுமையான பம்மல், மகாபாரதத்தின் விராட பருவத்திலிருந்து திரௌபதி - கீசகன் கதையைச் சொன்னார். கீசகனாக நடித்த ராஜு முதலியார், திரௌபதியாக நடித்த ஜீவரத்தினம் இருவரும் மேடை நடிகர்கள். சென்னை புரசைவாக்கம் மில்லர்ஸ் சாலையில் ஒரு பங்களா வளாகமே ஸ்டுடியோ. மின்விளக்கு வசதி இல்லை. மேலே வெள்ளைத் துணியைக் கட்டி, வெயிலை வடிகட்டித்தான் படம்பிடித்தார்கள்.

35 நாள்களில் படம் முடிந்தது. நீளம் சுமார் 6,000 அடி. கையால் சுழற்றும் கேமராவில் விநாடிக்கு 16 படம் என்ற வேகத்தில் எடுத்தால், ஓர் அடி ஓட ஒரு விநாடி. அப்படியென்றால் 100 நிமிடப் படம். எழுத்து அட்டைகள் தமிழ், ஆங்கிலம், இந்தி ஆகிய மூன்று மொழிகளில். இந்தி அட்டைகளை எழுதிக்கொடுத்தவர் காந்தியின் மகன் தேவதாஸ் காந்தி. சென்னை எல்பின்ஸ்டன் தியேட்டரில் வெளியாகி, பர்மா, இலங்கை, மலாயா, சிங்கப்பூர் வரை போனது படம். செலவு 35,000 ரூபாய். வசூல் 50,000 ரூபாய்.

அடுத்தடுத்துப் புராணப் படங்களை எடுத்த நடராஜ முதலியாரின் சினிமா வாழ்க்கை 1923-ல் முடிந்தது. ஸ்டுடியோ தீப்பிடித்து எரிந்தது. அதே காலத்தில் மகனையும் பறிகொடுத்தார். அதன்பின் அவர் படமெடுக்கவில்லை. 'கீசக வத'மும் இன்று இல்லை.

பேசாத படத்துக்குப் பேசியவர்கள்

'மௌனப் படம்' என்று சொன்னாலும் கொட்டகைக்குள் மௌனம் இருந்ததில்லை. திரைக்குப் பக்கத்தில் ஒருவர் நின்று கதை சொல்வார். 'இதோ பார், கீசகன் வருகிறான்' என்கிற பாணியில் பாத்திரங்களுக்காக அவரே பேசுவார், மிரட்டுவார், அழுவார். ஆர்மோனியம், தபேலா என்று ஒரு சிறு வாத்தியக் குழுவும் இருக்கும். கிட்டத்தட்ட ஒரு நாடக மேடைதான். நடிகர்கள் மட்டும் வெள்ளைத் துணியில் அசைந்தார்கள்.

சென்னைக்கு வெளியே சினிமாவைக் கொண்டுசென்றது ரயில். திருச்சியில் ரயில்வே ஊழியராக இருந்த சாமிக்கண்ணு வின்சென்ட், 1905-ல் துபான் என்ற பிரெஞ்சுக்காரரிடமிருந்து புரொஜெக்டரை விலைக்கு வாங்கினார். ரயில் போகும் ஊரெல்லாம் கூடாரம் அடித்துப் படம் காட்டினார். பிறகு கோவையில் 'வெரைட்டி ஹால்' என்ற நிரந்தரத் திரையரங்கைக் கட்டினார். நாடகக் கம்பெனிகள் சீன் படுதாக்களையும் பெட்டிகளையும் ஏற்றிக்கொண்டு போன அதே தண்டவாளங்களில்தான் படப்பெட்டிகளும் போயின.

போடிக்கு அந்தத் தண்டவாளம் வந்தது 1928-ல். மதுரையிலிருந்து தேனி வழியாக வந்த மீட்டர் கேஜ் பாதை, ஏலக்காயையும் மலை விளைபொருள்களையும் கீழ்நாட்டுக்குக் கொண்டுபோனது. மதுரையின் நாடகக்காரர்களுக்கும் மலையடிவாரம் ஒரு ரயில் பயணத் தூரமாகச் சுருங்கியது. 2010 கடைசியில் அகலப்பாதைப் பணிக்காக நிறுத்தப்பட்ட அந்த ரயில், 2023 ஜூனில் மீண்டும் போடிக்கு வந்துசேர்ந்தபோது, ஊரே ஸ்டேஷனில் திரண்டு வரவேற்றது. 12 வருடம் நின்றுபோன ரயில் திரும்பிவிட்டது. நின்றுபோன மௌனப் படங்கள் மட்டும் திரும்பவில்லை.

124-ல் மிஞ்சியது ஒன்று

மௌனக் காலத்தில் சென்னையில் தயாரான கதைப்படங்கள் 124 என்பது திரைப்படப் பாதுகாப்பில் ஈடுபட்டிருப்பவர்கள் சொல்லும் கணக்கு. அவற்றில் இன்று இருப்பது ஒன்றே ஒன்று. அதுதான் 'மார்த்தாண்ட வர்மா'. இந்தியா முழுவதும் எடுக்கப்பட்ட சுமார் 1,300 மௌனப் படங்களில், முழுதாகவோ துண்டாகவோ தப்பியவை மிகச் சிலவே.

எப்படி இவ்வளவும் போயிற்று? முதல் குற்றவாளி, படச்சுருளே. அன்றைய படங்கள் செல்லுலோஸ் நைட்ரேட் என்ற பொருளால் ஆனவை. வெடிமருந்துக்கு உறவுக்காரப் பொருள். ஒருமுறை பற்றிக்கொண்டால் தண்ணீர் ஊற்றியும் அணையாது. பற்றாமல் இருந்தாலும் நம் ஊர் வெக்கையில் தானாகவே கெடும். முதலில் படம் மங்கும், பிறகு சுருள் பிசுபிசுத்து ஒட்டிக்கொள்ளும், கடைசியில் டப்பாவைத் திறந்தால் பழுப்புத் தூள்தான் இருக்கும்.

இரண்டாவது, அதிலிருந்த வெள்ளி. கறுப்பு வெள்ளைப் படச்சுருளின் பூச்சில் வெள்ளி கலந்திருக்கும். ஓடித் தேய்ந்த படங்களை எடைக்கு வாங்கி, கரைத்து, வெள்ளியைப் பிரித்தெடுத்தார்கள். படம் எடுத்தவருக்கும் அது வரவாகத் தெரிந்ததே தவிர, இழப்பாகத் தெரியவில்லை.

மூன்றாவது, பேச்சு. 1931 அக்டோபரில் டி.பி.ராஜலட்சுமி நடித்த 'காளிதாஸ்' வெளியாகித் திரை பேசத் தொடங்கியதும், ஊமைப் படத்தைக் காசு கொடுத்துப் பார்க்க ஆளில்லை. யாருக்கும் வேண்டாத பெட்டிகள் இடத்தை அடைத்துக்கொண்டு கிடந்தன. தீப்பிடிக்கும் அபாயம் வேறு. பலரும் அப்புறப்படுத்தினார்கள். பழைய படங்களைச் சேகரித்துவைக்க புனேயில் தேசியத் திரைப்பட ஆவணக் காப்பகம் தொடங்கப்பட்டது 1964-ல்தான். அதற்குள் ஒரு தலைமுறையே போய்விட்டது. ஆவணமாகச் சேர்த்துவைத்ததற்கும் ஆபத்து வந்தது. 2003-ல் புனேயில் நைட்ரேட் சுருள்கள் இருந்த கிடங்கு தீப்பிடித்து, எஞ்சியிருந்த பழைய படங்களில் பலவும் எரிந்தன.

'மார்த்தாண்ட வர்மா' மட்டும் தப்பியதன் பின்னால் ஒரு வேடிக்கை இருக்கிறது. சி.வி.ராமன் பிள்ளையின் நாவலை வைத்து நாகர்கோவில் சுந்தர்ராஜ் தயாரித்த படம் அது. திருவனந்தபுரத்தில் திரையிட்ட கையோடு, நாவலின் உரிமையை வைத்திருந்த பதிப்பகம் வழக்குப் போட்டது. படப்பெட்டி பறிமுதலாகிப் பதிப்பகத்தின் வசம் போய்ச் சேர்ந்தது. ஊர் ஊராக ஓடியிருந்தால் தேய்ந்து அழிந்திருக்கும். ஓடாமல் பூட்டிக்கிடந்ததால் பிழைத்தது. 1974-ல் புனே காப்பகம் அதை மீட்டது. 'வள்ளி திருமண'த்துக்கு அப்படி ஒரு வழக்குகூட வாய்க்கவில்லை.

பாடத் தொடங்கிய வள்ளி

சினிமா பேசத் தொடங்கியதும் வள்ளியை விட்டுவைக்குமா? கூடாரத்தில் படம் காட்டிய அதே சாமிக்கண்ணு வின்சென்ட், 1933-ல் கல்கத்தா பயனியர் ஸ்டுடியோவுடன் சேர்ந்து 'வள்ளி திருமண'த்தைப் பேசும் படமாக்கினார். வள்ளியாக டி.பி.ராஜலட்சுமி. படம் பெரும் வெற்றி. 1945-ல் ஏ.வி.மெய்யப்பன் எடுத்த 'ஸ்ரீ வள்ளி'யில் டி.ஆர்.மகாலிங்கம் முருகன், குமாரி ருக்மிணி வள்ளி. ருக்மிணியின் பாடல்களுக்குப் பி.ஏ.பெரியநாயகியின் குரலைப் பிறகு பொருத்தினார்கள். 1961-ல் வண்ணத்தில் ஒரு 'ஸ்ரீ வள்ளி' வந்தது. சிவாஜியும் பத்மினியும் நடித்தார்கள்.

மேடையின் வள்ளிகளும் வேலன்களும் சும்மா இருக்கவில்லை. எஸ்.ஜி.கிட்டப்பாவும் கே.பி.சுந்தராம்பாளும் ஜோடி சேர்ந்தால் கொட்டகை நிரம்பி வழிந்தது. கிட்டப்பா 1933 டிசம்பரில் இளம் வயதிலேயே காலமாகிவிட்டார். திரையில் அவர் முகம் இல்லை. ஆனால், இசைத்தட்டுகளில் அவர் குரல் இருக்கிறது. மௌனப் படத்துக்கு நேரெதிரான விதி. அங்கே உருவம் மட்டும் பதிவாகி, உருவமும் போயிற்று. இங்கே குரல் மட்டும் பதிவாகி, குரல் நின்றுவிட்டது.

விஸ்வநாத தாஸின் கதை இன்னும் உருக்கமானது. சிவகாசியில் பிறந்த இந்த நடிகர், முருகன் வேஷத்தில் மேடையேறி விடுதலைப் போராட்டப் பாடல்களைப் பாடுவார். வள்ளி குருவி விரட்டும் காட்சியில், விரட்டப்படும் வெள்ளைப் பறவை யார் என்று கூட்டத்துக்குப் புரியும். கூடவே போலீஸுக்கும் புரியும். மதுரகவி பாஸ்கரதாஸ் போன்றவர்கள் எழுதிய அத்தகைய பாடல்களுக்காகப் பலமுறை சிறை சென்றார். 1940 டிசம்பர் 31 இரவு, சென்னை ராயல் தியேட்டரில் 'வள்ளி திருமணம்'. மயில் வாகனத்தில் முருகனாக அமர்ந்து பாடிக்கொண்டிருந்தபோதே அவர் உயிர் பிரிந்தது.

ஒரு மௌனப் படத்தால் இதைச் செய்திருக்க முடியாது. படத்தில் வள்ளி எந்த ஊரிலும் ஒரே மாதிரிதான் குருவி விரட்டுவாள். மேடையில் வள்ளிக்கு அன்றைய செய்தி தெரியும்.

மேடை எப்படிப் பிழைத்தது?

நாடகக் கம்பெனிகள் ஒவ்வொன்றாகக் கலைந்து, நடிகர்கள் சினிமாவுக்குப் போன பிறகும், 'வள்ளி திருமணம்' நிற்காததற்குக் காரணம் 'ஸ்பெஷல் நாடகம்' என்ற ஏற்பாடு. இதில் நிரந்தரக் கம்பெனி கிடையாது, முதலாளி கிடையாது. ஊர்க் கமிட்டி மதுரைக்கோ வேறு நாடக ஊருக்கோ போய், ராஜபார்ட் இவர், ஸ்திரீபார்ட் இவர், பபூன் இவர், ஆர்மோனியம் இவர் என்று தனித்தனியாகப் பேசி முடிப்பார்கள். அன்று இரவு மேடையில்தான் பல நடிகர்கள் ஒருவரையொருவர் சந்திப்பார்கள். ஒத்திகை என்று எதுவும் இல்லை. ஆனாலும் எட்டு மணி நேர நாடகம் பிசிறில்லாமல் ஓடும். காரணம், எல்லோருக்கும் சுவாமிகளின் பாட்டும் வசனமும் மனப்பாடம்.

அதாவது, 'வள்ளி திருமண'த்தின் பிரதி ஒரே ஒரு பெட்டியில் இல்லை. நூற்றுக்கணக்கான நடிகர்களின் நெஞ்சில் இருக்கிறது. ஒரு கிடங்கு எரிந்தால் போய்விடும் பொருள் அல்ல அது. ஒருவர் ஓய்ந்தால், அவரிடம் கற்றவர் மேடையேறுவார். ரசிகர்களுக்கும் பாதி மனப்பாடம். வள்ளி ஒரு வரியைத் தவறவிட்டால் முன்வரிசைப் பாட்டி எடுத்துக்கொடுப்பார்.

மலையடிவாரத்தில் இந்தக் கதைக்கு இன்னொரு பிடிமானமும் உண்டு. வள்ளி அரண்மனை இளவரசி அல்ல. மலைச்சரிவில் விளைச்சலைக் காத்து நிற்கும் பெண். தினை இருந்த இடத்தில் இன்று ஏலம் இருக்கலாம். பரண் இருந்த இடத்தில் தோட்டத்து ஸ்டோர் இருக்கலாம். மழையிலும் அட்டையிலும் சரிவில் குனிந்து காயெடுக்கும் பெண்ணுக்கு, வள்ளியின் நாள் எப்படிப்பட்டது என்று யாரும் விளக்க வேண்டியதில்லை. யாரோ ஒரு வேட்டைக்காரன் வழிமறித்து வம்பு பேசும்போது, வாயாலேயே அவனை மடக்கும் வள்ளிக்கு முன்வரிசையிலிருந்து எழும் கைதட்டலில் அது கேட்கும்.

இந்த மலையை இன்றைய சினிமாவும் தேடி வருகிறது. பிரபு சாலமனின் 'மைனா' குரங்கணி மலைப் பகுதியில் படமானது. லெனின் பாரதியின் 'மேற்குத் தொடர்ச்சி மலை' (2018), ஏலக்காய் மூட்டை சுமந்து மலையேறி இறங்கும் தொழிலாளியின் வாழ்வையே கதையாக்கியது. அந்தப் படங்கள் டிஜிட்டலில் இருக்கின்றன. அழியாது என்று நினைக்கிறோம். 1921-ல் படச்சுருளையும் அப்படித்தான் நினைத்திருப்பார்கள்.

மேடைக்கும் ஆபத்து இல்லாமல் இல்லை

மேடை பிழைத்தது என்பதற்காக மேடைக்காரர்கள் நன்றாக இருக்கிறார்கள் என்று அர்த்தமில்லை. நாடகத் தொழில் திருவிழாவை நம்பிய தொழில். மாசியில் தொடங்கி ஆடி வரை சில மாதங்களில் ஓடி ஓடி நடித்துத்தான் வருடம் முழுக்கச் சாப்பிட வேண்டும். 2020, 2021 ஆகிய இரண்டு வருடங்களிலும் ஊரடங்கு வந்தது சரியாக அந்த மாதங்களில்தான். ஒரு வருட வரும்படி அடுத்தடுத்து இருமுறை போனது.

பெண் கலைஞர்களுக்கு வேறொரு பாரமும் உண்டு. இரவு மேடையில் முருகனின் மனைவியாகக் கும்பிடப்படும் பெண்ணை, பகலில் 'கூத்தாடி' என்று தள்ளிவைக்கும் பார்வை இன்னும் முழுதாகப் போகவில்லை. மதுரையின் ஸ்பெஷல் நாடகக் கலைஞர்களோடு பழகி ஆய்வு செய்த அமெரிக்க மானுடவியலாளர் சூசன் சீசர், 2005-ல் வெளிவந்த தன் நூலுக்குத் தமிழ் மேடையின் மீதான இழுக்கையே தலைப்பாக்கினார். பிள்ளைகளை இந்தத் தொழிலுக்கு அனுப்ப மாட்டோம் என்று கலைஞர்கள் முடிவெடுத்தால், அதைக் குறைசொல்ல முடியாது. ஆனால், நெஞ்சில் எழுதிய பிரதிக்கு அதுதான் தீ விபத்து.

இப்போது எல்லா ஊர்த் திருவிழாவிலும் நாடகம் செல்போனில் பதிவாகிறது, யூடியூபில் ஏறுகிறது. நல்ல விஷயம்தான். ஆனால், யார் நடித்தார், எந்த ஊர், எந்த நாள் என்ற விவரம் இல்லாமல் ஏறும் பதிவுகள் ஏராளம். போன் கெட்டால், கணக்கு முடங்கினால், அவையும் 1921-ன் வள்ளி போன வழியில் போகும்.

பரணில் என்ன இருக்கிறது?

தொலைந்த படங்கள் எப்போதாவது திரும்பி வருவதுண்டு. கல்கத்தாவின் மதன் கம்பெனி 1919-ல் எடுத்த 'பில்வமங்கள்' படத்தின் ஒரு பகுதி பிரான்ஸ் நாட்டுக் காப்பகத்தில் இருந்தது தெரியவந்து, 2016-ல் அதன் டிஜிட்டல் பிரதி இந்தியாவுக்கு வந்தது. நம் மௌனப் படங்கள் பர்மாவுக்கும் இலங்கைக்கும் மலாயாவுக்கும் போனவை என்பதால், ஆவணக் காப்பாளர்கள் நம்பிக்கையை முழுதாக விட்டுவிடவில்லை.

படச்சுருள்தான் கிடைக்க வேண்டும் என்றில்லை. ஒரு படத்தையோ நாடகத்தையோ பற்றி நாம் அறிவதில் பெரும்பகுதி சின்னச் சின்னக் காகிதங்களிலிருந்துதான் வருகிறது. கொட்டகை நோட்டீஸ், ஓரணாப் பாட்டுப் புத்தகம், வேஷம் கட்டிய தாத்தாவின் போட்டோ, ஆர்மோனியக்காரரின் கையெழுத்து நோட்டு... போடி, தேனி, கம்பம் பக்கத்துப் பழைய வீடுகளின் பரண்களில், டிரங்குப் பெட்டிகளில் இவை இன்னும் இருக்கக்கூடும். வீட்டை இடித்துக் கட்டும்போது முதலில் எடைக்குப் போகிறவை இவைதான். வெள்ளிக்காகப் படச்சுருளை எடைக்குப் போட்டவர்களும், பழைய பேப்பர் விலைக்குப் பாட்டுப் புத்தகத்தைப் போடும் நாமும் செய்வது ஒன்றே.

போடுவதற்கு முன் ஒரு போட்டோ எடுத்து, பின்னால் பெயரும் ஊரும் வருடமும் எழுதிவைத்தால் போதும். சென்னை ரோஜா முத்தையா ஆராய்ச்சி நூலகம் போன்ற இடங்கள் இத்தகைய பழைய அச்சுப் பொருள்களைப் பாதுகாத்து வருகின்றன. அடுத்த திருவிழாவில் நாடகத்தைப் பதிவு செய்யும் இளைஞர்கள், வள்ளியாக நடித்தவரின் பெயரைக் கேட்டு அதையும் சேர்த்துப் பதிவிடலாம். 1921-ல் பரண் மீது ஏறி நின்ற வள்ளியின் முகத்தை நாம் இனிப் பார்க்க முடியுமா, சந்தேகம்தான். இந்த வருடத்து வள்ளியின் பெயராவது தொலையாமல் இருக்கும்.

மலையடிவாரத்தில் மறுபடி ஒரு விடியல் வரும். மாலை மாற்றியதும் மங்கள வாழ்த்து பாடி, வள்ளி அரிதாரத்தைத் துடைப்பாள். முன்வரிசைப் பெண்கள் பாயைச் சுருட்டி எழுவார்கள். ஜீப் முந்தலைத் தாண்டி வளைவுகளில் ஏறும்போது, அதற்குள் யாரோ ஒருத்தி இரவு கேட்ட பாட்டை மெல்ல முணுமுணுத்துக்கொண்டிருப்பாள்.

இப்போதைக்கு 'வள்ளி திருமண'த்தின் பத்திரமான பிரதி அங்கேதான் இருக்கிறது.